எட்டாவது பாட்டில்

செப்டம்பர் 6, காலை
சுகாதார நிலையம்

அண்ணா,

ஊசி போடும் அறையின் ஜன்னலைத் திறந்தால் உன் கடை ஷட்டர் தெரிகிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது. எதிர்வாசலுக்குக் கடிதம் எழுதுகிற குடும்பம் ஊரிலேயே நம்முடையது ஒன்றுதான் இருக்கும். நேற்று நான் வாசலில் நின்று கூப்பிட்டபோது எழுந்து உள்ளே போய்விட்டாய். அதனால்தான் துப்புரவு அக்கா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பதில் வாங்காமல் திரும்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இன்று காலை அண்ணி தன் தம்பி நெட்டையைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். மேட்டுத் தோட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். பாதியில் குழாய் முனை அடைத்துக்கொண்டதாம். மருந்து அடிக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலையைத்தான் அவனும் செய்திருக்கிறான். முனையைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சி, ஊதிச் சரிசெய்திருக்கிறான். ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. மூன்று தடவை வாந்தி. வாயெல்லாம் எரிகிறது என்கிறான்.

அண்ணி பாட்டிலையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார். கம்பெனி டப்பா இல்லை, சில்லறை பாட்டில். மூடியில் உன் கையெழுத்தில் 3 என்று மட்டும் இருக்கிறது. உள்ளே என்ன மருந்து? பெயரை மட்டும் எழுதி அனுப்பு. என்ன வைத்தியம் என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. டாக்டர் நாளை மறுநாள்தான் வருவார். இங்கே நான் மட்டும்தான்.

தங்கை


செப்டம்பர் 6, மதியம்
கடை

நர்ஸம்மா அவர்களுக்கு,

துப்புரவு அக்கா வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். வாடிக்கையாளர் முன்னால் மானம் போகிறது. அதற்காக எழுதுகிறேன்.

மூன்று என்றால் காய்ப்புழு மருந்து. ஊரில் எல்லோரும் அடிக்கிற அதே சாதாரண மருந்து. பெயரைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன், டாக்டருக்குக் காட்டிக்கொள். இதைக் குடித்தே யாரும் சாகவில்லை. ஒரு மடக்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டாம். நெட்டை எப்போதாவது கையுறை போட்டிருக்கிறானா? முதுகில் மாட்டுகிற மருந்து டாங்கி ஒழுகுகிறது, மாற்றடா என்று ஆறு மாதமாகச் சொல்கிறேன். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவான்.

எழுத ஆரம்பித்துவிட்டேன், மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் மாத அறிக்கையில் 'மருந்து அடித்து மயங்கியவர்கள் ஒன்பது பேர்' என்று எழுதி மேலே அனுப்பினாய். அதைப் பார்த்து வேளாண்மை அலுவலர் வந்தார். எட்டு நாள் என் கடைக்குச் சீல். செடியில் காய் பிடிக்கிற நேரம், புழு இறங்குகிற நேரம். அந்த எட்டு நாளில் புழு தின்ற காய்க்கு யார் பதில் சொல்வது? சில்லறையாக விற்கக் கூடாது என்கிறார்கள். கம்பெனிக்காரன் ஒரு லிட்டருக்குக் குறைத்துத் தர மாட்டான். அரை ஏக்கர்காரன் எங்கே போவான்? நேற்றுக் காலை சீலைப் பிரித்தபோது வாசலில் நின்ற கூட்டத்தை நீயே ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாய்.

இன்னொன்று. அந்தப் பாட்டில்கள் எங்கிருந்து வந்தன என்று அலுவலர் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அதனால் நீயும் கிளறாதே. உன் அண்ணியிடமும் எதையாவது சொல்லிப் பயமுறுத்தாதே.

அண்ணன்


செப்டம்பர் 8, காலை
சுகாதார நிலையம்

அண்ணா,

உன் சீட்டில் இருந்த பெயருக்கு என்ன ஊசியோ அதைப் போட்டேன். எனக்குச் சந்தேகம் இருந்தது. அந்த மருந்து உள்ளே போனவர்களுக்குக் கண்ணின் பாப்பா கடுகளவு சுருங்கும், எச்சில் ஊற்றும், உடம்பு தெப்பமாக வேர்க்கும். பத்து வருடமாக எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். நெட்டைக்கு அதில் ஒன்றுகூட இல்லை. இருந்தும் நீ எழுதிவிட்டாய் என்று போட்டேன். என் கண்ணை நம்பாமல் உன் கையெழுத்தை நம்பினேன். நாக்கு வறண்டு, இதயம் படபடவென்று அடித்துக்கொண்டதுதான் மிச்சம். நல்லவேளை, ஊசியை அத்துடன் நிறுத்திவிட்டேன்.

நேற்றுப் பகல் கொஞ்சம் தேறியவன் மாதிரி இருந்தான். "எனக்கென்ன, நான் வேலைக்குக் கிளம்புறேன்"னு கட்டிலை விட்டு இறங்கினான். இன்று காலை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நாக்கும் உதட்டின் உட்பக்கமும் கொதிக்கிற தண்ணீர் பட்டதுபோல் வெளுத்து உரிகின்றன. எச்சில் விழுங்க முடியவில்லை. சிறுநீர் குறைந்துவிட்டது. காய்ப்புழு மருந்து இப்படிச் செய்யாது அண்ணா.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். வண்டி வந்து நிற்கிறது. நானும் அண்ணியும் கூடப் போகிறோம். அங்கே முதலில் கேட்கப்போவது, என்ன விஷம் என்றுதான். நீ எழுதியதைத்தான் சொல்லப்போகிறேன். அது உண்மைதானா? நிதானமாக யோசித்து எழுது. பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் என்னிடம் சேர்த்துவிடுவார்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். கடையில் மிச்சம் இருக்கிற பாட்டில்களில் எங்கள் இருமல் மருந்துச் சீட்டு ஒட்டியிருந்தால் ஊறவைத்துச் சுரண்டிவிடு. யாராவது கேட்டு வருவதற்குள் செய். எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கை


செப்டம்பர் 9
கடை

தங்கச்சிக்கு,

உண்மையா என்று கேட்டிருக்கிறாய். பதினான்கு வருடம் இந்த வியாபாரம் செய்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? எழுதியதை எழுதியாகிவிட்டது.

மேட்டுத் தோட்டத்துக்காரர் காலையில் கடை திறப்பதற்கு முன்பே வந்து கத்திவிட்டுப் போனார். "உன் மச்சான் அடிச்ச மருந்துல செடியெல்லாம் போச்சு, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். வரப்பை ஒட்டி ஆறு வரிசை. அவன் எங்கே ஆரம்பித்தான், எங்கே நிறுத்தினான் என்று கோடு கிழித்ததுபோல் தெரிகிறது. துளி பட்ட இடமெல்லாம் இலை வெளுத்து, காய்ந்த காகிதம் மாதிரி ஆகியிருக்கிறது. விரலால் தொட்டால் நொறுங்குகிறது. ஏழாவது வரிசை பச்சைப்பசேல் என்று நிற்கிறது. புழுவும் அதில் சுகமாகத்தான் இருக்கிறது.

உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். உரம் அதிகமானாலும் கருகும். ஆயிரம் காரணம் இருக்கும். அவரிடமும் அதைத்தான் சொன்னேன். பயிர் விஷயத்தை ஆஸ்பத்திரியில் இருக்கிற உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வேறு யாரிடம் சொல்வது?

பாட்டில் சீட்டைச் சுரண்டு என்கிறாய். அப்படி வா வழிக்கு. ஒன்று மட்டும் நினைவில் வை. என் உரிமம் போனால் நான் தனியாகப் போக மாட்டேன். அரசாங்கப் பாட்டிலைக் கூடை கூடையாகக் கழுவி என் கடைக்கு அனுப்பியது யார் என்று கேட்டால் நானும் சொல்ல வேண்டியிருக்கும். டாக்டரிடம் அளந்து பேசு.

உன் அண்ணி சாப்பிட்டாளா என்று பார்த்துக்கொள்.

அண்ணன்


செப்டம்பர் 10, காலை
பெரிய ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு

அண்ணா,

நீ இலையைப் பற்றி எழுதியதை மூன்று தடவை படித்தேன். இலை என்கிற இடத்தில் நாக்கு என்று மாற்றிவிட்டால், அது நான் இவன் வாய்க்குள் பார்த்ததுதான். பச்சை இலையை இரண்டே நாளில் காகிதமாக்குகிற சரக்கு உன் கடையில் ஒன்றுதான் இருக்கிறது. அது புழுவுக்கு அடிப்பதில்லை, களைக்கு அடிப்பது. எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாதா?

இங்கே இருக்கிற டாக்டரம்மா கோபக்காரர் இல்லை, ஆனால் நேராகப் பேசுகிறவர். "இது களைக்கொல்லியா இருந்தா ஆக்சிஜன் குடுக்கக் கூடாது. குடுத்தா நுரையீரல் இன்னும் வெந்துபோகும். வேற விஷம்னா குடுக்காம இருக்கவும் முடியாது. இரத்தத்தை அனுப்பியிருக்கேன், முடிவு வர அஞ்சு நாளாகும். அந்தக் கடைக்காரரு உங்க சொந்த அண்ணன்தானே, கேட்டுச் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. நெட்டைக்குக் காலையிலிருந்து மூச்சு வாங்குகிறது. நான்கு வார்த்தை பேசினால் நிறுத்திக்கொள்கிறான். ஆக்சிஜன் முகமூடியைக் கட்டில் தலைமாட்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு வைப்பதாக முடிவு. சாயங்காலத்துக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

பாட்டில் விஷயமாக நீ என்னை மிரட்ட வேண்டாம். நேற்றே டாக்டரம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சுகாதார நிலையத்து இருமல் மருந்துக் காலிப் பாட்டில்களை மூன்று வருடமாக என் அண்ணன் கடைக்குக் கொடுத்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீணாகக் குப்பையில் போகிறதே, அரை ஏக்கர்காரர்களுக்கு உதவுமே என்றுதான் கொடுத்தேன். எண்ணம் நல்லதாக இருந்து என்ன பயன்? சீட்டைச் சுரண்டச் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன். சுரண்டாதே.

இவன் என்ன சொல்கிறான் தெரியுமா? "என் தப்புதான்க்கா. மாமா கையுறை போடச் சொன்னாரு, முனையை வாயில வெக்காதேன்னும் சொன்னாரு" என்கிறான். அண்ணியும் அதையே நம்பிக்கொண்டு, "புத்தி எங்கடா போச்சு"ன்னு அவனையே திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டு வாங்கிக்கொண்டு அவன் சிரிக்கப் பார்க்கிறான், உதடு வெடித்து இரத்தம் வருகிறது. இதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

அதே நாளில் எத்தனை பாட்டில் ஊற்றினாய்? யார் யாரிடம் போயிருக்கிறது? இதையும் எழுது.

மாற்றுத் துணியும் போர்வையும் எடுக்க அண்ணி மதிய பஸ்ஸில் ஊருக்கு வருகிறார். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார். இதை அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டியிருக்கிறேன். பிரிக்க மாட்டார்.

தங்கை


செப்டம்பர் 10, சாயங்காலம்
வீடு

தங்கச்சி,

உன் கடிதத்தைப் படித்த கையோடு தபாலாபீசுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, டாக்டரம்மாவையே கூப்பிடச் சொல்லி, களைக்கொல்லியின் பெயரைச் சொல்லிவிட்டேன். "முகமூடி இன்னும் வெக்கல. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றார். மீதியை இதில் எழுதுகிறேன். அலுவலருக்குக் காட்ட வேண்டுமானால் காட்டு.

பதினான்கு வருடமாக என் கடையில் இடதுபக்கத் தட்டு புழு மருந்து, வலதுபக்கத் தட்டு களை மருந்து. இரண்டும் ஒரே அளவு கேன்கள்தான். பார்த்து எடுப்பதே கிடையாது, கை தானாகப் போகும். அலுவலரின் ஆட்கள் கணக்கெடுக்க எல்லாவற்றையும் இறக்கினார்கள், திரும்ப ஏற்றினார்கள். இடம் மாறி ஏற்றியிருக்கிறார்கள். சீலைப் பிரித்த காலையில் வாசலில் கூட்டம், ஆளாளுக்கு அவசரம். நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இடதுபக்கக் கேனை எடுத்து எட்டுப் பாட்டில் ஊற்றினேன். மூடியில் 3 என்று எழுதினேன். அவர்கள்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. ஊற்றியது என் கை. கேனில் சீட்டு இருந்தது, நான் படிக்கவில்லை. சில்லறையாக விற்காதே என்று சொல்லிவிட்டுப் போன அன்றே விற்றதும் நான்தான்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. ஆறாம் தேதி உனக்குச் சீட்டு எழுதி அனுப்பிய பிறகு மனசு கேட்கவில்லை. போய்க் கேனைத் தூக்கிப் பார்த்தேன். குறைந்திருக்க வேண்டிய கேன் நிறைந்திருந்தது. களை மருந்துக் கேன் குறைந்திருந்தது. ஆறாம் தேதி சாயங்காலமே எனக்குத் தெரியும். மேட்டுத் தோட்டத்துக்குப் போனபோதும் தெரிந்துகொண்டுதான் போனேன். வெயில், உரம் என்று உனக்கு எழுதியதெல்லாம் பொய். ஒரு மடக்குத்தானே, தேறிவிடுவான், தேறிவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உரிமம் போகும், கடை போகும் என்பது மட்டும் இல்லை. அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஏழாம் தேதியே, பழைய சரக்கு, வேறு தருகிறேன் என்று பொய் சொல்லி நான்கு பாட்டிலைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஒன்று நெட்டை அடித்த பாட்டில். அது உன்னிடம் இருக்கிறது. இரண்டை இப்போது போய் உண்மையைச் சொல்லி வாங்கி வந்தேன். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். பிடிக்கட்டும். எட்டாவது யாரிடம் என்று தெரியவில்லை. காய்கறிப் பாத்தி வைத்திருக்கிற ஒரு பெண், புதிதாக வந்தவள். பெயர் கேட்கவில்லை, எந்தப் பக்கம் என்றும் கேட்கவில்லை. நாளை விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்கப் போகிறேன்.

உன் அண்ணி துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். "அவனுக்கு அந்த நீலச் சட்டை எங்கே" என்று இப்போது கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அவளிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவள் கையிலேயே கொடுத்து, பஸ்ஸில் படி என்று சொல்லப்போகிறேன்.

நான் அங்கே வரலாமா? கேட்டு எழுது.

அண்ணன்


செப்டம்பர் 11
பெரிய ஆஸ்பத்திரி

அண்ணா,

அண்ணி வார்டுக்குள் வரும்போதே முகம் வேறாக இருந்தது. கடிதத்தை என்னிடம் கொடுக்காமல் நேராக டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆறாந்தேதியே சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. முதல் சில மணி நேரத்தில் தெரிந்திருந்தால் குடலிலேயே விஷத்தைப் பிடித்து வைக்க மருந்து கொடுத்திருப்போம், உடனே இங்கே கொண்டுவந்திருப்போம், பாதியாவது உள்ளே ஏறாமல் தடுத்திருக்கலாம் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்த் தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். அழவில்லை. அவனைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டார். திட்டு நின்றதும் அவனுக்கே ஏதோ புரிந்துவிட்டது. "என்னக்கா" என்று கேட்டான். கடிதத்தைத் திரும்ப வாங்கி வந்து ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினார். கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

தலைமாட்டில் மாட்டியிருந்த முகமூடியை வைக்காமலேயே எடுத்துவிட்டார்கள். பத்து நாள் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டரம்மா. தாண்டுவான் என்று அவர் சொல்லவில்லை. நானும் உனக்கு அப்படி எழுத மாட்டேன்.

எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் ஒரு கடிதத்தில் தீராது. இருந்தாலும் நீ கேட்டாய் என்பதற்காக, வரலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். தம்பியின் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டுச் சொன்னார். "அந்த எட்டாவது பாட்டில் வெளியில இருக்குற வரைக்கும் அவருக்கு இங்க என்ன வேலை?"

தங்கை


செப்டம்பர் 12, மதியம்
கடை

தங்கச்சி,

நேற்று முழுவதும் அலைந்தேன். வாசலில் நின்று, "நான் பாட்டில் மாத்தி ஊத்திட்டேன், அது விஷம்" என்று அறுபது வீட்டுக்குமேல் சொல்லியிருப்பேன். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். சில வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். இனி என் கடையில் யாரும் எதையும் வாங்க மாட்டார்கள்.

இன்று காலை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவளைக் கண்டுபிடித்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். அடுப்புக்கு மேல் தட்டில் இரண்டு பாட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று நான் விற்றது. இன்னொன்று போன வாரம் அவள் குழந்தைக்கு நீ கொடுத்த இருமல் மருந்து. அதே பாட்டில், அதே சீட்டு. என் பாட்டில் மூடியில் இருந்த 3, அடுப்பு ஆவியில் அழிந்துபோயிருந்தது. குழந்தைக்கு ஆறு நாளாகத் தினமும் மூன்று வேளை கொடுக்கிறாளாம். எதிலிருந்து கொடுத்தாய் என்று கேட்காமலேயே வாசலுக்கு ஓடினேன். குழந்தை வாசலில் ஈர்க்குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு சிவப்பாக, நன்றாக இருந்தது. அப்புறம்தான் இரண்டையும் முகர்ந்து பார்த்தேன். என்னுடையது கழுத்துவரை நிறைந்திருந்தது. நாளைக்குப் பாத்திக்கு அடிக்கலாம் என்று வைத்திருந்தாளாம்.

அந்த வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். முன்பின் தெரியாத அவள் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஏழு பாட்டிலையும் பெட்டியில் வைத்துக் கட்டியாகிவிட்டது. போகிற வழியில் அலுவலரிடம் பெட்டியையும் கடைச் சாவியையும் ஒப்படைத்து, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் அங்கே வருவேன். அவர் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டால் வர முடியாது. அதற்காகத்தான் இதைக் கண்டக்டரிடம் முன்னாலேயே கொடுத்தனுப்புகிறேன்.

உன் அண்ணி என்னோடு பேச வேண்டாம். நெட்டை திரும்பிப் படுத்திருந்தால் அப்படியே இருக்கட்டும், எழுப்பாதே. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் தேவைப்படும். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

அண்ணன்